துரை வெளிக்குப் போகும் விவரம்

அன்பிற்கும், இப்போதைக்குக் கொஞ்சம் கோபத்திற்கும் உரிய தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நான்காவதாக ஒருவரை விட்டுவிட்டுப் போனாயே, அவரும் நலம். அவர் நலமாக இருப்பதற்காகத்தான் மற்ற மூவரும் நலம் கெட்டு அலைகிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். அப்படி இல்லையென்றாலும் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் படுத்துக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் மூன்று வாக்கியம் முடிப்பதற்குள், "ஐயோ அக்கா, துரை சத்தம் கேக்குது, போன அவன்கிட்ட குடு" என்கிறாய். கடிதத்தை அவனிடம் கொடுக்க முடியாது. கொடுத்தால் அதன்மேல் என்ன செய்வான், என்ன செய்ய மாட்டான் என்பதுதான் இங்கே விஷயமே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நான் வெளியூர் போகவேண்டும், நான்கு நாள். நான் போகவேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் நீ வந்து உன் கிளியை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஏன் என்று விளக்குகிறேன். விளக்கினாலும் உனக்குப் புரியாது, ஆனால் எனக்கு மனசு ஆறும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையில் கூண்டும் மறுகையில் தினைப் பையுமாக என் வாசலில் நின்றாய். "ரெண்டே வாரம்க்கா. புது வீட்டு ஓனர் பறவையெல்லாம் கூடாதுங்கிறார். நான் பேசிச் சரிக்கட்டிடுவேன்" என்றாய். உன் பேச்சுத் திறமை எனக்குத் தெரியும். உனக்கு நான்கு வயதாக இருக்கும்போதே என் பொம்மைகளை நானே உனக்குக் கொடுத்ததாக என்னை நம்பவைத்தவள் நீ. ஐந்து மாதமாக அந்த மனிதர் சரிக்கட்டப்படாமல் இருக்கிறார் என்றால் நீ இன்னும் வாயைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம். போகட்டும். கூண்டைத் திறந்து பார்த்தால் ஒரு சாம்பல் கிளி, தலையில் கொண்டை, இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு, பெண் பார்க்க வந்த பெரிய இடத்துப் பையன் மாதிரி எங்கள் வீட்டை மேலும் கீழும் பார்த்தது. "பேரு துரைக்கா. கூண்டுல அடைச்சிடாத, வெளியில விட்டு வளத்த பிள்ள." சரி என்று விட்டோம். துரையும் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விட்டார். கடிகாரம்கூட அவ்வளவு ஒழுங்கில்லை. சோபா, திரைச்சீலை, தொலைக்காட்சியின் தலை, மகளின் கல்லூரிப் பை, எதிலும் பாரபட்சம் காட்டவில்லை.

உன் அத்தான் வீட்டிலேயே மேசை போட்டு, வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் வரைந்து கொடுக்கிறவர் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் ஒருவர் தன் வீட்டுப் படத்தை வாங்க வந்தார். விரித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் பின்னாடி இந்த வெள்ளை வட்டம் என்ன சார், கிணறா?" என்று கேட்டார். உன் அத்தான் மனசாட்சியுள்ள மனிதர்தான். அன்று அந்த மனசாட்சி எங்கோ வெளியே போயிருந்தது. "வேணாம்னா எடுத்துடலாம்" என்றார். "ஐயோ, இருக்கட்டும் சார், எங்க பக்கம் தண்ணிக் கஷ்டம்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன வாரம் அந்தத் தெரு வழியாக வந்தேன். அந்த இடத்தில் நான்கு பேர் மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை உன்னிடம் சொன்னதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு யோசனை சொன்னாய். "பறவைக்கும் கக்கூஸ் பழக்கலாம்க்கா, வீடியோ அனுப்பறேன் பாரு. குழந்தைக்குப் பழக்குற மாதிரிதான். உனக்கு ஒண்ணும் கஷ்டமா இருக்காது, நீ தினம் பாக்குறதுதானே." உண்மைதான். இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில், ஊரில் உள்ளவர்கள் சின்ன டப்பாவில் மூடிக் கொண்டுவந்து தருவதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்துத்தான் என் பிழைப்பு நடக்கிறது. ஆகவே வீட்டுக்கு வந்தும் அதையே பார்த்தால் எனக்கு ஓய்வாக இருக்கும் என்று நீ நினைத்தது ரொம்ப நியாயம். சமையல்காரர் வீட்டுக்குப் போனதும் அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவார் என்று நினைக்கிற நியாயம்.

இருந்தாலும் நான் ஏமாந்தவள் ஆயிற்றே, பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். மற்றவர்கள் விடுப்பெடுத்தால் கடலைப் பார்க்கப் போவார்கள், மலையைப் பார்க்கப் போவார்கள். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு கிளியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடியோவில் வந்த அம்மாள் சொன்னது அத்தனையும் சரி. துரை முதலில் பேச்சை நிறுத்துவான். இரண்டடி பின்னால் வைப்பான். வாலைத் தூக்குவான். இறகெல்லாம் பம்மென்று உப்பும். அந்த நொடியில் அவனை விரலில் ஏந்திக்கொண்டு ஓடிப்போய், குளியலறை வாசலில் வைத்திருக்கும் கம்புத் தாங்கியில் உட்காரவைத்து, கீழே தட்டில் செய்தித்தாள் இருக்கிறதா என்று பார்த்து, "ஆச்சா கண்ணு?" என்று கேட்கவேண்டும். ஆனதும் "சமத்து!" என்று கொண்டைக்குப் பின்னால் சொறிந்துவிட வேண்டும். நேரம், நிறம், அளவு என்று கட்டம் போட்டுக் குறித்தும் வைத்தேன். தொழில் புத்தி எங்கே போகும்? மகள் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, என்னைக்கூட நீ இவ்ளோ கொஞ்சினதில்ல" என்றாள். "நீ இவ்ளோ சீக்கிரம் கத்துக்கல" என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை. திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்திருந்த துரை, யாரும் சொல்லாமல், தானாகப் பறந்துபோய்த் தாங்கியில் உட்கார்ந்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். காத்திருந்தான். "ஆச்சா கண்ணு?" என்றேன். ஆச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரிடம் காலையில் முதலில் போவதை எடுத்து வாருங்கள், டப்பாவில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியில் பெயர் எழுதுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்த முதல் ஜீவன் இவன்தான்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். 'நாங்கள்' என்பது மரியாதைக்கு. செய்தது நான். பழக்கிய அந்தப் பன்னிரண்டு நாளும் வேறு யாரையும் தாங்கிப் பக்கம் அண்டவிடவில்லை. உன் அத்தான் வந்து "ஆச்சா?" என்று கேட்டார், ரேஷன் கடையில் சீட்டை நீட்டுகிற குரல் அது. மகள் கேட்க ஆரம்பித்தால் பாதியில் சிரித்துவிடுவாள். "நீங்க ரெண்டு பேரும் கேக்காதீங்க, அவனுக்குக் குழப்பமாயிடும்" என்று விரட்டிவிட்டேன். பரிசோதனைக்கு வருகிற ஒரு மாதிரியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கைதான் தொடவேண்டும் என்பது எங்கள் பரிசோதனைக்கூடத்து விதி. அந்த விதியால் எத்தனையோ பேருடைய முடிவுகள் சரியாக வந்திருக்கின்றன. அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், பதினொரு மணிக்கு மகளிடமிருந்து போன். "அம்மா, நீ போனதுலேருந்து துரை போகவே இல்ல. தாங்கில போய் உக்காருறான், சுத்திமுத்திப் பாக்குறான், திரும்பி வந்துடறான்."

"அப்பா கேட்டுப் பாத்தாரா?"

"கேட்டாரு. அப்பா கேட்டா கொண்டைய நிமித்திக்கிட்டு மொறைக்கிறான்."

"ஸ்பீக்கர்ல போட்டு அவன்கிட்ட புடி."

நான் அப்போது பரிசோதனை மாதிரிகளை வாங்குகிற ஜன்னலில் நின்றிருந்தேன். வெளியே பதினான்கு பேர் வரிசை. முதுகைத் திருப்பிக்கொண்டு ரகசியமாக, "ஆச்சா கண்ணு?" என்றேன். "அவனுக்குக் கேக்கலம்மா, சத்தமா சொல்லு" என்றாள். என்ன செய்வது, சத்தமாகவே கேட்டேன். "ஆச்சா கண்ணு? ஆச்சாடா?" ஜன்னலுக்கு வெளியே காலி டப்பாவோடு நின்றிருந்த பெரியவர் கூனிக் குறுகிப்போய், "இன்னும் இல்லம்மா, காலைலேருந்து முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து, "எனக்கு ஆச்சு, இந்தாங்க" என்று நீட்டினாள். துரைக்கு மட்டும் ஆகவில்லை. போனில் வருகிற என்னை அவன் நம்பவில்லை. சாயங்காலம் நாலரைக்குச் செருப்புக்காலோடு வீட்டுக்குள் ஓடினேன். தாங்கியில் ஒரு பந்து மாதிரி உப்பி உட்கார்ந்திருந்தான். கேட்டேன். அதன்பிறகு நடந்ததன் அளவைக் கட்டத்தில் குறிக்க இடம் போதவில்லை.

மறுநாளே பறவை டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்ன வயசுக்காரர், எதையும் சிரிக்காமல் சொல்கிற ரகம். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பகல் முழுக்க அடக்கி வச்சா உள்ள கெட்டுப்போகும்மா, உயிருக்கே ஆபத்து" என்றார்.

"என்ன பண்ணணும் டாக்டர்?"

"மறக்கடிக்கணும்."

"எத?"

"நீங்க சொல்லிக்குடுத்தத."

"பன்னண்டு நாள் டாக்டர். லீவு போட்டு."

"ரொம்ப நல்லாச் சொல்லிக்குடுத்திருக்கீங்க. அதுதான் பிரச்சன."

ஆக, கக்கூஸ் பழக்கிய கையோடு கக்கூஸை மறக்கப் பழக்க ஆரம்பித்தோம். தாங்கியை எடுத்துப் பரண்மேல் போட்டோம். செய்தித்தாளை எல்லாம் சுருட்டினோம். சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுப் பூட்டாத குறையாக வைத்திருந்த உன் அத்தான், அந்த உறையைத் தானே உரித்துவிட்டு, துரையைத் தோளில் வைத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றினார். "எங்க வேணா போடா ராஜா. சோபால போறியா? புதுசுடா. மெத்தைல? தலகாணி வேணுமா?" வேறு யாராவது கேட்டிருந்தால் மனிதருக்கு மூளை குழம்பிவிட்டது என்றிருப்பார்கள். கடைசியில் ஒரு புதுப் படத்தையே தரையில் விரித்து, "இது சமையலறை, இது கூடம். உனக்கு எங்க தோணுதோ அங்க கிணறு வை" என்றார். துரை அந்தப் படத்தின்மேல் கைகட்டிக்கொண்ட இன்ஜினீயர் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தான். பிறகு பறந்துபோய், தாங்கி இருந்த இடத்தில் காற்றிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, அது இல்லையென்று தெரிந்ததும் குளியலறைக் குழாய்மேல் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பிக் காத்திருந்தான். பண்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதை யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது போலிருக்கிறது. தாங்கியைப் பரணிலிருந்து திரும்ப இறக்கினோம்.

அதிலிருந்து என் பிழைப்பு இதுதான்: மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். பன்னிரண்டரைக்கு மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, பன்னிரண்டு ஐம்பதுக்கு வீட்டில். "ஆச்சா கண்ணு?" ஆச்சு. "சமத்து!" உன் அத்தான் தட்டு வைத்திருப்பார், நின்றுகொண்டே நாலு வாய், இல்லை உட்கார்ந்தால் எட்டு வாய். ஒன்றரைக்கு மறுபடி ஜன்னல். இப்படி ஒன்பது நாள் ஓடியிருக்கிறேன். பஸ் கண்டக்டர், "வீட்ல கைக்குழந்தையாம்மா?" என்று கேட்டார். நாற்பத்தாறு வயதில் இந்தக் கேள்வியைக் கேட்கவைத்த பெருமை உன்னைச் சேரும்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பரிசோதனைக்கூடக்காரர்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு முறை ஓர் ஊரில் கூடுவார்கள். மாதிரிகள் மாறிப்போகாமல் இருக்க நான் ஒரு வழிமுறை கண்டுபிடித்து எங்கள் கூடத்தில் நடத்தி வருகிறேனே, டப்பாவில் ஒட்டுவதற்கு முன்னால் நோயாளியின் கையில் ஒட்டிப் பெயரைச் சரிபார்க்கிற சீட்டு, அதைப் பற்றி முந்நூறு பேருக்கு முன்னால் இருபது நிமிஷம் பேசச் சொல்கிறார் எங்கள் தலைமை டாக்டரம்மா. மூன்று வருஷமாகச் சொல்கிறார். முதல் வருஷம் மகளுக்குப் பரீட்சை என்று மறுத்தேன். போன வருஷம் உன் அத்தானுக்குக் கால் சுளுக்கு. இந்தத் தடவை நான் கதவைத் தட்டி உள்ளே போனதும் அவரே பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சொல்லுங்க. இந்த வருஷம் யாருக்கு, என்ன?"

"கிளிக்கு, டாக்டர்."

"கிளிக்கு?"

"நான் இல்லாட்டி அதுக்கு வெளிக்கு வராது, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. எங்கள் துறையில் எதைச் சொன்னாலும் சிரிப்பு வராது என்பது ஒரு சௌகரியம். "நீங்க போகலேன்னா போன வருஷம் சேந்த அந்தப் பொண்ண அனுப்பிடுறேன். உங்க முறையத்தான் பேசப் போறா. ஆனா அவ பேசினா அப்புறம் அது அவ முறைதான். யோசிச்சு வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் நல்ல பெண். அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் பேராசைக்காரி இல்லை, உனக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டில் தெரிகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைத் தவிர வேறு யாருக்கும் என்னைத் தெரியாமல் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன், குறை சொன்னதில்லை. ஆனால் இது என் சீட்டு. நானே ஒரு மழைநாளில், இரண்டு டப்பா மாறிப்போய் ஒரு தாயின் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது. அதை ஒரே ஒரு தரம் என் வாயால் சொல்லவேண்டும். இந்த வீட்டில் என்னைத் தவிர யாராலும் எதுவும் ஆகாது, அது கிளியானாலும் சரி. ஆகவே நீ வா. வளர்த்தவள் குரல், நீ கேட்டாலாவது போவான். உன் வீட்டு ஓனரைச் சரிக்கட்டு, இல்லை அவருக்கும் "ஆச்சா கண்ணு?" சொல்லிக்கொடு, எனக்குக் கவலையில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் துரையும் அவன் கூண்டும் தாங்கியும் கட்டம் போட்ட நோட்டும் என் வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் போகமுடியாது. போகாததற்குக் காரணம் நீதான் என்று உன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். நீ எல்லா நலமும் பெற்று, சொந்தமாக ஒரு வீடும் வாய்த்து, அந்த வீட்டின் சோபா, மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றின் மேலும் நீ வளர்த்த பிள்ளையே நீடூழி உட்கார்ந்திருக்க மனதார ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து தேடிப் போனவள் திரும்பி வந்து எழுதுகிறேன். நீ வரவேண்டாம். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே.

கோந்தைக் கேட்டதும் மகள், "சித்திக்கா எழுதுற? அனுப்புறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துடும்மா" என்று தன் போனை நீட்டினாள். ஒரு வீடியோ. எங்கள் குளியலறை வாசல், காலை வெளிச்சம். தாங்கிக்கு முன்னால் என் நீலப்பூ நைட்டியைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் முதுகைக் காட்டி நிற்கிறது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, குரலைக் கீச்சென்று உயர்த்தி, "ஆச்சா கண்ணு?" என்கிறது. துரைக்கு ஆச்சு. "சமத்து!" என்று அந்த ஆள் பூரிப்போடு திரும்பியது. என் பழைய மூக்குக்கண்ணாடி. அதற்குக் கீழே மீசை.

உன் அத்தான் கதவோரமாக நின்று சுவரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். "எத்தன நாளா?" என்றேன். "ஒம்போது நாளா. லீவு பூரா நீ இதத்தானே போட்டுக்கிட்டு உக்காந்திருந்த, அதான் போட்டுப் பாத்தேன். காலைல ரெண்டு தடவ போறான், மத்தியானத்துக்கு மேல மூணு தடவ." "அப்ப நான் எதுக்கு தினம் தினம் வேகாத வெயில்ல ஓடி வந்தேன்?" என்று கத்தினேன். "மொத நாளே சொல்லியிருக்கணும். நீ வந்தா மத்தியானம் ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுறோம். இத்தன வருஷத்துல அப்படிச் சாப்பிட்டதே இல்லல்ல. ரெண்டு நாள் போகட்டும், ரெண்டு நாள் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார். மீசைக்காரரைத் திட்டலாம், இதைச் சொல்கிறவரை எப்படித் திட்டுவது?

அந்த நேரம் பார்த்து மகள், "சரி, துரை பிரச்சன தீந்துச்சு. இப்ப எது சாக்கும்மா?" என்றாள். கோந்தை மறந்து மேசைக்கு வந்து பேனாவை எடுத்தேன். மூன்று வருஷமும் யாருக்காவது ஏதாவது ஆகிக்கொண்டே இருந்தது. எனக்கு என்ன என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே கூட. முந்நூறு பேர் முன்னால் நிற்பதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நான் போகிறேன் என்று சொல்லியாயிற்று. "கிளி?" என்றார். "ஏற்பாடு ஆயிடுச்சு டாக்டர்" என்றேன். நல்லவேளை, என்ன ஏற்பாடு என்று கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை ஏன் கிழிக்காமல் அனுப்புகிறேன் என்றால், உன்னை இவ்வளவு நன்றாகத் திட்டி எழுதியதை வீணாக்க மனம் வரவில்லை. வைத்துக்கொள், என்றைக்காவது பொருந்தும்.

இப்போதுதான் பெட்டியை எடுத்துவைத்துத் துணி அடுக்க உட்கார்ந்தேன். நீலப்பூ நைட்டியை மடித்து மேலாக வைத்தேன். உன் அத்தான் அதை மெதுவாக வெளியே எடுத்துவிட்டு, "வேற எது வேணும்னாலும் கொண்டு போ. இது வீட்டுக்கு வேணும்" என்கிறார்.